மூக்கர் கிணறு

எருக்குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டு ஒரு பிடி எடுத்து முகர்கிறார். கண்ணைக் கரிக்கும் நெடி அடித்தால் முகம் சுருங்கிவிடும். "பயிருக்குப் போகவேண்டிய சத்து காத்துல பறக்குது பாரு" என்று முணுமுணுத்தபடி வைக்கோலைக் கலந்து, தார்ப்பாயால் இழுத்துப் போர்த்துகிறார். பெற்ற பிள்ளையைக்கூட இப்படிப் போர்த்தியதில்லை என்பது மனைவியின் புகார். இப்படி முகர்ந்து பார்ப்பதால் ஊர் அவருக்கு வைத்த பெயர் மூக்கர்.

இருபது வருடமாக அவர் நிலத்தில் ரசாயன உரமூட்டை இறங்கியதில்லை. அந்தப் பெருமை கொஞ்சநஞ்சமல்ல. சோப்பு வாங்கப் போனாலும் கடைக்காரரிடம் அதைப் பேசிவிட்டுத்தான் திரும்புவார். மூத்த பேத்தி தொட்டிலில் கிடந்தபோதுதான் வினை வந்தது. மகள் நர்ஸ், சும்மா இருப்பாளா? கிணற்று நீரைப் பரிசோதனைக்கு அனுப்பினாள். உரத்திலிருந்து நீரில் இறங்கும் நைட்ரேட் உப்பு, கைக்குழந்தைக்கு ஆகாத அளவு இருக்கிறது என்று பதில் வந்தது. அன்றிலிருந்து வீட்டில் கேன் தண்ணீர்.

"உரமே போடாத நிலம், எங்கேருந்து வரும்?" என்று பரிசோதனைக்கூடத்துக்கே சண்டைக்குப் போனார். அங்கிருந்த பெண் நிதானமாகக் கேட்டாள்: "உரத்துக்குப் பதிலா பயறை மண்ணோட மடக்கி உழுதேன்னு சொல்றீங்க, சரி. அப்புறம் என்ன விதைச்சீங்க?" ஒன்றும் விதைக்கவில்லை. மழைக்கு முன்பு உழுது வெறும் நிலமாகப் போட்டிருந்தார். உறிஞ்ச வேரில்லாத மண்ணிலிருந்து சத்தையெல்லாம் மழை கரைத்துக் கிணற்றுக்கு இறக்கிவிட்டது.

"அடுத்த பிள்ளை என் கிணத்துத் தண்ணியைத்தான் குடிக்கும்" என்று அன்று மகளிடம் சொன்னார். கேனை மட்டும் கையால் தொடமாட்டார். மகளே உருட்டிக்கொண்டு போவாள்.

இப்போது அறுவடை முடிந்த கையோடு எதையாவது விதைத்துவிடுகிறார். "மண்ணை அம்மணமா விடலாமா?" பயறை மழை ஓய்ந்த பிறகு, அடுத்த விதைப்பையொட்டித்தான் உழுகிறார். எருவை வயலில் கொட்டிய அன்றே மண்ணால் மூடுகிறார். ஞாயிறுதோறும், நைட்ரேட் இருந்தால் சிவக்கும் சோதனைத் தாளைக் கிணற்று நீரில் நனைத்து, நிற அட்டையோடு ஒப்பிடுகிறார். மூன்று வருடத்தில் அடர்சிவப்பு மெல்ல ரோஜா நிறத்துக்கு வந்திருக்கிறது.

இளைய பேத்திக்கு இப்போது நாலு மாதம். இன்று தாளை வெளிச்சத்தில் பிடித்து, அட்டையோடு இரண்டு முறை ஒப்பிட்டார்.

"நல்லாத்தானே வெளுத்திருக்கு, குழந்தைக்குக் கொடுத்தா என்னவாம்?" என்றார் மனைவி. மகள் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு அப்பாவின் முகத்தையே பார்த்தாள்.

"அட்டையில இன்னும் ஒரு கட்டம் இறங்கணும்" என்றார் மூக்கர்.

தாளைச் சட்டைப்பையில் செருகினார். வாசலில் கிடந்த கேனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு அடுப்படிக்கு நடந்தார்.