உம்மாவின் கிதாபை மறுத்தேன்

பள்ளிவாசலுக்குள், தொழுகைக்குக் கைகால் கழுவிய ஒளுவோடு நின்று பொய் சொன்னவன் நான். இதை எழுத ஆறு வருடம் தயங்கினேன். பேனையை எடுப்பேன், வைப்பேன்... இனியும் வைக்க வெட்கமாக இருக்கிறது.

ஊர்விட்டு வந்து குடியேறிய வோபர்னில் எங்கள் பள்ளிவாசல் ஒரு கட்டிடத்தின் பேஸ்மென்டில், நிலத்துக்குக் கீழே. அங்கே வந்தவர் யூசுப். கொலம்பியாக்காரர், என்னோடு டைல் பதித்தவர், கலிமா சொல்லி இஸ்லாத்துக்கு வந்தவர். அவர் மனைவிக்கு ஸ்பானிஷ் மட்டும்தான் விளங்கும். குர்ஆன் எழுத்துப் பழகிவிட்டா, பொருள் தெரியாது.

ஒருநாள் வேலையிடத்தில் யூசுப் சொன்னார்: முன்னொரு காலம் ஸ்பெயினில் கிறிஸ்தவ அரசர்களின் கீழ் வாழ்ந்த முஸ்லிம்களுக்கு அறபு மொழி மறந்துபோனதாம். எழுத்தை மட்டும் விடவில்லையாம். தாங்கள் பேசிய ஸ்பானிஷை அறபு எழுத்தில் எழுதி, தொழுகையைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்களாம். பிடிபடாமல் சுவருக்குள்ளும் ஒளித்தார்களாம்.

எங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருந்தது. வீட்டுக்குக் கூட்டிப்போய் உம்மா தொழுகை பழகிய பழைய புத்தகத்தை, அறபுத் தமிழ்க் கிதாபைக் காட்டினேன். பாஷை தமிழ், எழுத்து அறபு. தொழுகைக்கு முன் வைக்கும் நிய்யத்தை நான் பழகியதே அதில்தான்! யூசுப் ஒளுச் செய்துவிட்டு வந்துதான் அதைத் தொட்டார்.

அந்தத் துணிவில், மனைவிக்காக அதே முறையில், ஸ்பானிஷை அறபு எழுத்தில், ஒரு தொழுகைப் புத்தகம் கையால் எழுதி, பிரதிகள் எடுத்து, பள்ளிவாசல் அலுமாரியில் வைத்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகையில் பள்ளிவாசல் நிர்வாகத் தலைவர் கொதித்தார். குர்ஆனின் எழுத்தில் வெள்ளைக்காரப் பாஷையா என்றார். யூசுப் என்னைக் காட்டினார், இவர் ஊரிலும் உண்டென்று.

தலைவர் என் பக்கம் திரும்பினார். "உங்கட ஊரிலயும் இந்தக் கூத்து இருக்கா?"

"இல்லை" என்றேன்.

நீங்களே சொல்லுங்கள், எந்த அரசன் என்னைப் பிடித்தான்? எந்த வாள் என் கழுத்தில் இருந்தது? தமிழ் பேசுகிறவனுக்கு மார்க்கம் அரைகுறை என்று அந்த மனிதர் முன்பொருமுறை சிரித்திருந்தார்... அந்தச் சிரிப்புக்குப் பயந்தேன்! அல்லாஹ்வுக்கு விளங்காத பாஷை உண்டா? அதை அந்த இடத்தில் கேட்க ஒருவனுக்கும் வாய் இல்லை. எனக்கும் இல்லை. சீ!

யூசுப் பிரதிகளைப் பையில் அடுக்கினார். சப்பாத்துப் போடும்போது மெல்லக் கேட்டார்: "பிரதர், அப்ப உங்கட உம்மா தொழுதது?"

நான் குனிந்து லேஸ் கட்டினேன்.

பிறகு யூசுப்பும் மனைவியும் ஒஷாவா நகரத்துக்குப் போய்விட்டதாகக் கேள்வி. அந்தப் பெண் தொழுகிறாவா, விட்டுவிட்டாவா... விசாரிக்கத் தைரியமில்லை. தலைவர் இன்றும் முன் வரிசையில். நானும் அவருக்குப் பக்கத்தில்தான்!

இதைப் பிறருக்குக் கொடுங்கள். எனக்கு இரங்கி ஒரு சொல்லையும் மாற்றாதீர்கள். நான் சொன்ன "இல்லை"யை "தெரியாது" என்று ஆக்கிவிடாதீர்கள். எனக்குத் தெரியும்.