கீழ்க் குசினியும் நாலு கஞ்சாச் செடியும்

முதலில் சுருண்டது முன்னுக்கு நின்ற செடியின் மேல் இலை. ஓரங்கள் இரண்டும் மேல்நோக்கி மடிந்து சின்ன வள்ளம் மாதிரி நின்றது. நான் அதைத் தாகம் என்றுதான் நினைத்தேன். ஆடி மாதம், வெளியே ரோட்டுத் தார் இளகுகிற வெயில், ஆருக்குத்தான் தாகமில்லை? ஒரு யக்கு நிறையத் தண்ணீர் ஊற்றினேன். பின்னேரம் போய்ப் பார்த்தால் இலை இன்னும் இறுக மடிந்திருந்தது. இன்னொரு யக்கு ஊற்றினேன்.

இது கஞ்சாச் செடி. ஒளித்துச் சொல்ல இதில் ஒன்றுமில்லை. இந்த நாட்டில் ஒரு வீட்டுக்கு நாலு செடி வளர்க்கச் சட்டம் விடுகிறது, எங்களிடம் நாலுதான் நின்றது. வோபர்னில் எங்கள் வீட்டு பேஸ்மென்ட்டின் பின்னறையில், உள்பக்கம் வெள்ளி போல மினுங்குகிற துணிக் கூடாரம் ஒன்றை மகள் கட்டித் தந்திருந்தாள். மேலே பெரிய லைற். பக்கத்தில் ஒரு காற்றாடி. சூட்டுக் காற்றைச் சின்ன யன்னலால் வெளியே தள்ள ஒரு குழாய். பேஸ்மென்ட் எப்போதும் குளிர், செடிக்கு நல்லது என்றுதான் அந்த இடம். பார்க்கிறது நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள்தான், ஆனால் நான் கை வைத்த செடி பட்டுப்போனதில்லை. கறிவேப்பிலையை எத்தனை பனிக்காலம் கடத்தியிருக்கிறேன் என்று கன்று வாங்கிப்போன ஆட்களைக் கேட்டால் சொல்லுவார்கள்.

செடி என் கணவருக்காக. அவருக்கு இடப்பக்க விலாவில் அக்கி போட்டது. புண் மாறிவிட்டது, நோ மாறவில்லை. சட்டை உரசினாலே நெருப்பு வைத்த மாதிரித் துடிப்பார். டொக்டர் தந்த குளிசை நோவைக் குறைத்தது, தலையைச் சுற்ற வைத்தது. இரண்டு தரம் குளியலறையில் விழுந்தார். இரண்டாம் தரம் புருவம் பிளந்து தையல் போட்டார்கள். அதற்குப் பிறகு டொக்டரே எழுதித் தந்ததுதான் கஞ்சா எண்ணெய். நாக்குக்குக் கீழே இரண்டு துளி. மனிதர் சாப்பிட்டார், நித்திரை கொண்டார். பிறகு அந்த வகையைக் கடையில் நிற்பாட்டிவிட்டார்கள். வேறு வகை ஒன்று கொடுத்துப் பார்த்தோம், நெஞ்சு படபடவென்று அடித்தது. இன்னொன்று சும்மா சும்மா சிரிக்க வைத்தது. மகள் எங்கெங்கோ தேடிப் பழைய வகையின் விதையைக் கண்டுபிடித்தாள். போத்திலில் கால்வாசிதான் மிச்சம். இந்தப் பூ பழுதானால் அவர் திரும்பவும் குளிசைக்குத்தான் போகவேண்டும், குளிசைக்குப் போனால் விழுவார். எனக்குப் பயம் அது ஒன்றுதான்.

பூ பிடித்து அது ஆறாம் கிழமை. வெட்டுவதற்கு இன்னும் நாலு கிழமை இருந்தது. மகள் விட்பியில் இருக்கிறாள், போனில் படம் காட்டச் சொன்னாள்.

"அம்மா, தண்ணி விட்டனீங்களே?"

"விட்டனான். வாடி நிண்டது, விட்டனான்."

"அது வாடேல்லை அம்மா. வாடினா இலை கீழ தொங்கும். இது மேல மடியுது. இட்ஸ் த ஹீட். சூடு தாங்கேலாமல் மடியுது."

"சூட்டுக்குத் தண்ணி விடாமல் வேற என்னத்தை விடுறது?"

"வேர் அழுகப் போகுது! பிளீஸ், நான் சொல்லுமட்டும் ஒரு சொட்டும் விடாதேங்கோ."

பின்னால் கதிரையில் இருந்து அவர் குரல் கொடுத்தார். "உவ எனக்கும் உப்பிடித்தான் பிள்ளை. இருமினாலும் கஞ்சி, விழுந்தாலும் கஞ்சி."

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்து கூடாரத்தைத் திறந்தாள். இலை ஓரமெல்லாம் மொறுமொறுத்து மண்ணிறமாகியிருந்தது. பூவில் வெள்ளையாக நிற்கவேண்டிய மயிர்கள், லைற் பக்கம் பார்த்தவை மட்டும், வேளைக்கே கருகியிருந்தன. பூவின் உச்சியிலிருந்து மெல்லிய கொம்பு மாதிரி ஒன்று மேலே நீண்டிருந்தது. அதுவும் சூட்டினால்தானாம், பூ திரளாமல் ஓடப் பார்க்கிறதாம். நான் பூவுக்குமேல் குளிர்தண்ணீர் தெளிப்போமா என்று கேட்டேன். தெளித்தால் பூஞ்சணம் பிடிக்கும் என்றாள். நான் கேட்டது எல்லாமே பிழை, அன்று.

லைற்றை ஒரு முழம் உயர்த்திக் கட்டினாள். வெளிச்சத்தையும் குறைத்தாள். பூக்கிற செடிக்குப் பன்னிரண்டு மணித்தியாலம் வெளிச்சம், பன்னிரண்டு மணித்தியாலம் குறையாத இருட்டு வேண்டும். அதுவரை லைற் பகலில்தான் எரிந்தது. இனி இரவு எட்டு மணிக்கு எரிந்து காலை எட்டு மணிக்கு அணையட்டும், இரவில் வெளியே வெக்கை குறைவு என்று நேரத்தை மாற்றினாள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. போகும்போது தீப்பெட்டி அளவில் வெப்பமானி ஒன்றைக் கூடாரத்துக்குள் தொங்கவிட்டாள். எத்தனை பாகை என்று அது விட்பியில் இருக்கிற அவளுடைய போனுக்குச் சொல்லுமாம்.

நாலு நாள் நல்லாகத்தான் இருந்தது. புது இலைகள் தட்டையாக விரிந்தன. நானும் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். வெள்ளி, சனி, ஞாயிறு கழிந்து பார்த்தால் முந்தினதை விட மோசம். நாலு செடியும் மடிந்து நின்றன. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. தண்ணீர் விடாதே என்றாள், விடவில்லை. தொடாதே என்றாள், தொடவில்லை. பிறகு என்ன கேடு இதற்கு?

திங்கட்கிழமை மகள் போன் எடுத்தாள்.

"அம்மா, விடியப்பறம் அஞ்சு மணிக்கு அங்க என்ன நடக்குது?"

"என்ன நடக்கிறது? ஒண்டும் நடக்கேல்லை."

"வெள்ளி, சனி, ஞாயிறு மூண்டு நாளும் அஞ்சு மணிக்கு என்ர போனில சூட்டுக் கோடு நேர மேல ஏறுது. முப்பத்தைஞ்சுக்குப் போகுது. ஈரமும் ஏறுது. எட்டு மணிக்குப் பிறகு இறங்குது. மற்ற நாளில இல்லை."

"ஹீற்றர் வேலை செய்யுதோ தெரியாது."

"ஆடி மாசத்திலயோ அம்மா?"

அவர் பத்திரிகையைக் கொஞ்சம் கீழே இறக்கி என்னைப் பார்த்தார். பிறகு உயர்த்திக்கொண்டார்.

அஞ்சு மணிக்கு நான் இடியப்பம் அவிக்கிறேன். பின்னறைக்கு அடுத்தது கீழ்க் குசினி. இரண்டுக்கும் நடுவில் கதவு இல்லை, ஒரு துணித்திரைதான். வெள்ளி, சனி, ஞாயிறு ஓடர் வரும். இரண்டு பெரிய பானை, இரண்டிலும் தளதளவென்று தண்ணீர், தட்டுத் தட்டாக இறக்குவேன். முழங்கால் ஒப்பரேஷனுக்குப் பிறகு ஓடரை விட்டுவிட்டேன் என்று மகளுக்குச் சொல்லியிருந்தேன். ஒரு மாதம் விட்டேன், அது உண்மை. பிறகு ஆட்கள் கேட்டார்கள். என்னுடைய இடியப்பம் பஞ்சு மாதிரி இருக்கும், அடுத்த நாளும் இறுகாது. அதைத் தெரிந்த ஆட்கள் வந்து கேட்கும்போது மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

முன்பு நான் அவிக்கிற நேரம் செடிகள் இருட்டில் கிடந்தன, லைற்றின் சூடு இல்லை. நேரத்தை மாற்றினதும் லைற்றும் என் பானையும் ஒன்றாகிவிட்டன. கூடாரத்துக் குழாய் சூட்டை வெளியே தள்ளத் தள்ள, அந்த இடத்துக்கு என் குசினி ஆவியைத்தான் உள்ளே இழுத்திருக்கிறது. அதை அப்போதே மகளுக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நானே சரிப்படுத்துகிறேன் என்று நினைத்தேன்.

திரைக்குமேல் ஈரப் படுக்கை விரிப்பு ஒன்றைத் தொங்கவிட்டேன். குசினியில் நின்ற மேசைக் காற்றாடியைக் கூடாரத்துக்கு எதிர்ப்பக்கமாகத் திருப்பி வைத்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு பானையை மட்டும் ஏற்றி, இரண்டு மடங்கு நேரம் நின்று அவித்தேன். முழங்கால் கழன்றுவிட்டது. சூடு இரண்டு பாகை குறைந்தது என்று மகள் சந்தோஷப்பட்டாள். ஆனால் ஈர விரிப்பு, ஆவி, எல்லாமாகச் சேர்ந்து காற்று நனைந்துபோனதை நான் யோசிக்கவில்லை. திங்கட்கிழமை பின்னுக்கு நின்ற செடியில், நாலிலும் தடித்த பூவை மெதுவாக விரித்துப் பார்த்தேன். உள்ளே சாம்பல் பஞ்சு. மறந்துபோன பாண் துண்டில் பிடிக்கிற அதே பஞ்சு.

நானே போனை எடுத்தேன்.

"பூஞ்சணம் பிடிச்சிட்டுது. நான் கீழ இடியப்பம் அவிக்கிறனான். அந்த ஆவிதான்."

"எத்தினை நாளா அம்மா?"

"ஒரு மாசம்தான் நிப்பாட்டினனான். அதுக்குப் பிறகு நாள் எண்ணேல்லை."

"உங்கட முழங்காலுக்கு டொக்டர் என்ன சொன்னவர்?"

"முழங்கால் என்ர. நீ செடியைப் பற்றிக் கதை."

அன்று பின்னேரமே வேலையால் நேராக வந்தாள். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, அந்தச் செடியை அடியோடு வெட்டி, இரட்டைக் குப்பைப் பையில் போட்டுக் கட்டினாள். எவ்வளவு மருந்து அந்தப் பைக்குள் போகிறது என்று நான் பார்த்துக்கொண்டு நின்றேன். மூன்று மிஞ்சியது. மூன்றிலும் ஒவ்வொரு பூவாக விரித்துப் பார்த்தோம், பஞ்சு இல்லை. மேலே வந்து கை கழுவும்போதுதான் அவள் சுற்றிப் பார்த்துக் கேட்டாள்.

"ஏனம்மா மேல அவிக்கேலாது? இஞ்ச அடுப்புக்குமேல ஹூட் இருக்கு. ஆவியை வெளியால இழுத்துப்போடும். கீழ ஒண்டும் இல்லைத்தானே."

"மேல் குசினியிலயோ?"

சாமியறையில் மீன் பொரிக்கச் சொன்ன மாதிரி இருந்தது எனக்கு. மேல் குசினியில் வெள்ளை அலுமாரி, வெள்ளைக் கல்லு மேடை. வீடு வாங்கின நாளிலிருந்து அங்கே தேத்தண்ணியும் பாணும்தான். சமையல் எல்லாம் கீழே. எங்கள் ஆட்களின் வீடுகளில் அப்படித்தான். வருகிற ஆள் மேல் குசினியைத்தான் பார்க்கும், அதில் ஒரு எண்ணெய்ப் பொட்டு இருந்தால் வீட்டுக்காரிக்கு மரியாதையில்லை.

"அது குசினியில்லை பிள்ளை, மியூசியம்," என்றார் அவர். "தேத்தண்ணி போடவே நான் டிக்கெட் எடுத்துத்தான் போறனான்."

"நீங்கள் பேசாமல் இருங்கோ."

"சிரியாதேங்கோ அப்பா. உங்கட மருந்துதான் போகுது," என்றாள் மகள். அவர் சிரிப்பை நிற்பாட்டினார்.

மேலே அவிக்க மாட்டேன், ஓடரை நிற்பாட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன். ரோசத்தில் சொன்னதுதான். வியாழக்கிழமை வழமையாக இடியப்பம் எடுக்கிற ஒரு பெண்ணுக்குப் போன் செய்தேன்.

"தங்கச்சி, இந்தக் கிழமை இடியப்பம் இல்லை."

"ஐயோ, ஏன் அன்ரி? கை ஏலாமல் போச்சுதோ?"

"அதில்லை. வீட்டில கொஞ்சம் வேலை."

"ஓம் ஓம், வயசும் போகுதுதானே. நீங்கள் ரெஸ்ற் எடுங்கோ. மார்க்கம் ஊரில ஒராள் மெஷினில பிழிஞ்சு குடுக்கிறாவாம், நான் அவவிட்ட எடுக்கிறன்."

மெஷினில் பிழிந்ததை! என் கை ஏலாதென்று! காரணத்தைச் சொல்லவும் முடியவில்லை. கஞ்சாச் செடிக்குச் சுடுகிறது தங்கச்சி என்று நான் எப்படிச் சொல்ல? போனை வைத்துவிட்டு மேல் குசினியில் நின்றேன். வெள்ளை அலுமாரியைப் பார்த்தேன். அவர் விலாவைப் பிடித்துக்கொண்டு கதிரையிலிருந்து எழும்புவது தெரிந்தது. போத்தில் முடிகிறதென்று ஒரு துளியோடு நிற்பாட்டியிருந்தார், எனக்குச் சொல்லாமல். அதை அன்றைக்குத்தான் கண்டுபிடித்தேன். திரும்பவும் அந்தப் பெண்ணுக்கே போன் எடுத்தேன்.

"நாளைக்கு நூற்றிருபது இடியப்பம் இருக்கு. ஏழு மணிக்கு வாங்கோ. மெஷின்காரிக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

பானை இரண்டையும் ஒவ்வொரு படியாக மேலே தூக்கிவந்தேன். விடிய அஞ்சு மணிக்கு ஹூட் விமானம் மாதிரி இரைந்தது. இழுத்தது பாதி, மிச்சம் அலுமாரிக் கதவுகளில் வடிந்தது. தட்டு இறக்குவேன், துணியால் துடைப்பேன், திட்டுவேன். மா கல்லில் ஒட்டியது. அவர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, பகிடி ஒன்றும் விடாமல் இன்னொரு துணியை எடுத்துக் கீழ்ப்பக்கக் கதவுகளைத் துடைத்தார்.

"இருபத்தைஞ்சு," என்றாள் மகள் எட்டு மணிக்குப் போனில். "கோடு நேர போகுது அம்மா."

மடிந்த இலைகள் கடைசி வரைக்கும் விரியவில்லை. ஒரு தரம் எரிந்தது எரிந்ததுதானாம். புதிதாக வந்தவை தட்டையாக நின்றன. ஆவணியில் மூன்று செடியையும் வெட்டி, இருட்டில் தொங்கவிட்டுக் காயவைத்து, மகள் எண்ணெய் இறக்கினாள். பூ திரளவேண்டிய அளவுக்குத் திரளவில்லை, கையில் எடுத்தால் காற்று மாதிரி. எண்ணெய் ஒரு போத்திலும் அரையும் வந்தது. பனி முடியும் வரைக்கும் காணாது. மாசி வரைக்கும் இழுக்கலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறோம். அவர் இப்போது இரண்டு துளி எடுக்கிறார், நான் பக்கத்தில் நின்று பார்த்துத்தான்.

அடுப்புக்குப் பக்கத்து அலுமாரிக் கதவு ஈரம் குடித்து ஓரத்தில் ஊதிவிட்டது. வெள்ளைத் தோல் கிளம்பி உள்ளே மரத்தூள் தெரிகிறது. மாற்றித் தருகிறேன் என்று மகள் சொன்னாள், திரும்பவும் ஊதத்தானே போகிறது, விடு என்றேன். போன சனிக்கிழமை அதே பெண் இடியப்பம் எடுக்க வந்தவள் நேரே அதைத்தான் பார்த்தாள்.

"உதென்ன அன்ரி, இவ்வளவு வடிவான குசினி, அலுமாரி உப்பிடி ஊதிக்கிடக்கு?"

"இஞ்சதான் அவிக்கிறன்," என்றேன். பெட்டியை மூடி அவள் கையில் கொடுத்தேன்.