பஸ்ஸில் வந்த பள்ளத்தி மீன்கள்

இன்று, யுத்தகாலப் பெட்ரோல் பஞ்சத்தால் கரியில் ஓடும் பஸ்ஸில் என் மானம் போயிற்று.

வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் இரண்டு பள்ளத்தி மீன்கள் வளர்க்கிறேன். விரலளவு மஞ்சள் மீன், பார்க்கத்தான் சாது. ஒன்று மற்றதைத் துரத்தித் துரத்தி வாலைக் கிழித்துவிட்டது. கூட்டமாக விட்டால் அடங்கும் என்றார்கள். அதனால் வெள்ளாயணிக் காயலில் வலை போடுகிறவர்களிடம் இன்னும் சில மீன்களைக் கேட்டு வாங்கி, பித்தளைத் தூக்கில் கொண்டுவந்தேன்.

பஸ்ஸில் பக்கத்து இடத்தில் எங்கள் அக்ரஹாரத்து சேஷு மாமா! எங்கள் தெருவில் மீன் என்ற பேச்சே ஆகாது.

"தூக்குல என்னடா?"

"தீர்த்தம், மாமா" என்று உளறிவிட்டேன்.

மாமா பக்தியோடு உள்ளங்கையைக் குழித்து நீட்டினார். "ஒரு உத்தரணி விடு."

நான் திருதிருவென்று விழிக்கும்போதே அவர் மூடியைத் திறந்தார். ஒரு மீன் துள்ளி அவர் வேட்டியில் விழுந்தது.

"சாமியும் மீன் கூட்டான் தொடங்கியோ?" என்று, சாமியும் மீன் சாப்பிட ஆரம்பித்தாயிற்றா என மலையாளத்தில் கேட்டுக் கண்டக்டர் சிரித்தார்.

மீனைப் பிடித்துத் தூக்கில் போட்டுவிட்டு, வளர்க்கத்தான் என்று சத்தியம் செய்து, முழுக்கதையையும் சொன்னேன்.

"கூட்டமா இருந்தா சண்டையே போடாதோ?" என்றார் மாமா.

"போடும் மாமா. ஆனா எல்லாக் கடியும் ஒண்ணுக்கே விழாது."

மாமா கண்டக்டர் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு என் காதருகே குனிந்தார்.

"பசங்கள்ளாம் பம்பாய் போயாச்சு. ஆத்துல நானும் மாமியும் மட்டும்தாண்டா. சாயங்காலம் நாலு பேரை அழைச்சிண்டு வாயேன்."

நான் போகிறேன். கூட வர யார் தயார்?