பஞ்சுக் கிட்டங்கியில் ஒரு பனிச்சரிவு

சுதந்திரம் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. காஷ்மீர் மலையில் பட்டாளத்திலிருந்த என் மைத்துனன் தை மாதம் லீவில் வந்தான். அவனுக்குச் சங்கரன்கோவிலிலேயே பெண் பேசினோம். பெண்ணின் அப்பா பஞ்சு வியாபாரி. பெண்ணுக்குப் பையனைப் பிடித்துவிட்டது. அப்பாவுக்குப் பனியைப் பிடிக்கவில்லை.

"மலையே சரிஞ்சு ஆளை மூடிருமாமே வே? இவளைக் கட்டிக்குடுத்துட்டு நான் எப்படித் தூங்க?"

"எப்பச் சரியும்னு எங்களுக்குத் தெரியும் மாமா. பழைய பனி இறுகிக் கெடக்கும். அதுமேல புதுப்பனி ஒட்டாம உக்காந்திருக்கும். கொட்டின மறுநாள் வெயிலடிச்சா அந்தப் பக்கமே தலைகாட்ட மாட்டோம்."

அவருக்கு விளங்கவில்லை. அவர் கண்ட பனிக்கட்டி எல்லாம் சோடாக் கடையில் மரத்தூளுக்குள் கிடந்ததுதான். ஆகவே மைத்துனன் எங்களை அவர் பஞ்சு சேர்த்து வைத்திருந்த கிட்டங்கிக்கே அழைத்துப் போனான். மலைச்சரிவு போல ஒரு பெரிய குவியல். அடியில் மிதித்து இறுக்கிய பழைய பஞ்சு. மேலே அன்று காலை கொட்டிய புதுப் பஞ்சு.

"இதே மாதிரிதான் மாமா. நடுவுல குறுக்க நடந்தா மொத்தமும் வந்துரும்."

"எம் பஞ்சு சரியுமா? எங்கிட்டயே சொல்லுதீரா?"

வேட்டியை மடித்துக் கட்டி ஏறியவர், சரியாக நடுவில் குறுக்கே நடந்தார். சத்தமே இல்லாமல் மேல்பாதி முழுவதும் வழுக்கி இறங்கியது. ஆளைக் காணோம். நான் கை போன இடத்திலெல்லாம் அள்ளினேன்.

"அத்தான், சும்மா இரிங்க! கடைசியா எங்கன பாத்தோமோ, அதுக்கு நேர் கீழதான் தேடணும்" என்று மைத்துனன் ஒரு கம்பை எடுத்து மெல்லக் குத்திக் குத்திப் பார்த்தான்.

"ஏலே, அது என் வயிறு!" என்றது பஞ்சு.

தோண்டி எடுத்தோம். மீசை, புருவம், காது எல்லாம் வெள்ளை. எங்கள் பின்னாலேயே வந்து வாசலில் நின்ற பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் தும்மி முடிக்கும்வரை மைத்துனன் கம்பும் கையுமாக அட்டென்ஷனில் நின்றான். கல்யாணம் போச்சு என்று அவன் முகத்திலேயே எழுதியிருந்தது.

"குத்து வலிக்கி," என்றார் அவர். "ஆனா இடம் தப்பலை. இந்தத் தையிலயே நாள் பாருங்க. ஒரே கண்டிசன்: பனி கொட்டின மறுநாள் மாப்பிள்ளை வெளிய போகப்படாது."

"அதை எங்க சுபேதார்தான் மாமா முடிவு பண்ணணும்."

அவர் என் பக்கம் திரும்பினார். "நீரு தாலுகா ஆபீஸ்லதான வேலை பாக்கீரு? அந்த ஆளுக்கு இங்கிலீஷ்ல ஒரு மனு எழுதும்."

அவர் பேரிலேயே எழுதினேன். முடிவில் வழக்கம்போல 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள ஊழியன்' என்று போட மட்டும் அவர் சம்மதிக்கவில்லை. "சொல்லுதது நான், கேக்க வேண்டியது அந்த சுபேதார். இதுல நான் எதுக்கு வே கீழ்ப்படியணும்?" என்றார்.