இரண்டு வீட்டுக்கு ஒரே உலை

தெய்வாத்தாள் யாரிடமும் கையேந்திப் பழகாதவள். புருஷன் செத்த பிறகு மடத்துக்குளத்தில் அண்ணன் வீட்டில் சில மாதம் இருந்தாள். ஒருநாள் அண்ணன் மனைவி நிர்மலா, "சோறு போடறது பெருசில்லீங்க. எத்தனை நாளைக்குன்னு தெரிஞ்சாத் தேவலை" என்றாள். மறுநாள் காலைப் பேருந்தில் தெய்வாத்தாள் தன் மகள் கவிப்பிரியாவைக் கூட்டிக்கொண்டு திருப்பூர் வந்துவிட்டாள். ராயபுரத்தில் லைன் வீட்டில் ஒற்றை அறை. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் பனியனில் ஓட்டையும் கறையும் பார்த்து ஒதுக்க வேண்டும். மிச்சம் பிடிக்க முடியாவிட்டாலும் வயிற்றுக்குக் குறையில்லாமல் ஓடியது.

இரண்டாயிரத்து எட்டு தீபாவளிக்குப் பிறகு ஆர்டர் நின்றது. அமெரிக்காவில் பேங்க் முழுகிவிட்டதாம்.

"அங்க பேங்க் முழுகினா நம்ம ஊட்டு அடுப்பு எதுக்குங்கக்கா அணையோணும்?" என்று கேட்டாள் பக்கத்து அறை நூர்ஜான். அவளும் அதே கம்பெனி, அதே செக்கிங் டேபிள். அவள் கணவன் நூருல்லா அங்கேயே அயர்ன் போடுபவன். மூவருக்கும் வேலை வாரத்தில் இரண்டு நாளாகச் சுருங்கி, பிறகு கூப்பிட்டனுப்பினால் வந்தால் போதும் என்றாகிவிட்டது.

தெய்வாத்தாளின் பெயர் மடத்துக்குளத்தில் அண்ணன் கார்டில் இருந்தது. திருப்பூரில் அவளுக்கு ரேஷன் இல்லை. நூர்ஜானுக்குக் கார்டு உண்டு, அரிசியும் சீமெண்ணெயும் வந்தன. ஆனால் அவளுக்கு இழுத்துப் பிடித்துச் செலவழிக்கத் தெரியாது. மாதப் பாதியில் சட்டி காய்ந்துவிடும்.

"ரெண்டு அடுப்பு எதுக்கு நூரு? அரிசியும் சீமெண்ணெயும் உன்னுது. மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றாள் தெய்வாத்தாள்.

சொன்னபடியே பார்த்துக்கொண்டாள். மார்க்கெட் கட்டுகிற நேரத்துக்குப் போய் நசுங்கிய தக்காளியும், பிய்த்துப் போட்ட கோஸ் மேலிலையும் வாங்கி வருவாள். கொள்ளு வேகவைத்த தண்ணீர் ஒரு வேளைக்கு ரசம்; கொள்ளை அரைத்தால் மறுவேளைக்குத் துவையல். வடிகஞ்சியில் ஒரு சொட்டு கீழே போகாது. காலி மனைகளில் முளைத்த பண்ணைக்கீரையைப் பிடுங்கி வருவாள். "கல்லைக் குடுத்தாலும் அக்கா கொழம்பு வெச்சுருவாங்க" என்பான் நூருல்லா. நூர்ஜானின் பிள்ளைகள் ஷாஸியா, ஷாரிக் இருவரோடு கவிப்பிரியாவும் வரிசையாக உட்காருவாள். சமைப்பவள் என்பதால் தெய்வாத்தாளே பரிமாறினாள்.

தை பிறந்தும் வழி பிறக்கவில்லை. நூருல்லா நாளெல்லாம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். சோறு கஞ்சியாயிற்று, கஞ்சியும் நீர்த்துக்கொண்டே போயிற்று. பள்ளிக்கூடம் உள்ள நாளில் பிள்ளைகளுக்கு மதியச் சத்துணவு இருந்தது. பள்ளி இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, குழாயடியில் குடத்தோடு கவிப்பிரியா மயங்கி விழுந்தாள்.

அன்றிலிருந்து அவள் தட்டுக்கு மட்டும் கரண்டி குண்டானின் அடிவரை போய் வந்தது. தெய்வாத்தாள் தன்னையறியாமல் செய்தாள் என்று சொல்ல முடியாது. அறிந்தேதான் செய்தாள்.

சின்னவள் ஷாஸியா ஒருநாள் தட்டைச் சாய்த்துக் காட்டினாள். "அம்மா, கவியக்காவுக்குப் பருக்கை நெறைய இருக்குது. எனக்கு வெறுந் தண்ணி."

"வாயை மூடிட்டுக் குடி" என்று அதட்டினாள் நூர்ஜான். ஆனால் அவள் பார்வை மூன்று தட்டுகளிலும் போய் வந்ததைத் தெய்வாத்தாள் கண்டாள்.

மறுநாள், "இன்னிக்கு நான் ஊத்தறேனுங்கக்கா" என்று நூர்ஜான் கரண்டியை வாங்கிக்கொண்டாள். ஒவ்வொரு தட்டுக்கும் முன்னால் குண்டானை நன்றாகக் கலக்கினாள். கவிப்பிரியாவுக்கும் தன் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி ஊற்றினாள். முகத்தில் கோபமே இல்லை. தெய்வாத்தாள் தன் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"நாளையிலிருந்து தனித்தனியா வெச்சுக்கலாம் நூரு."

"ஏனுங்கக்கா? நான் ஏதாச்சும் சொன்னனா?"

"சொல்லியிருந்தீன்னா இருந்திருப்பேன்."

நூர்ஜான் ஒரு பையில் அரிசி கட்டி வந்து வாசலில் வைத்தாள். "இதையாச்சும் எடுத்துக்குங்க. புள்ளைக்குத்தானே." தெய்வாத்தாள் பையைத் திருப்பிக் கொண்டுபோய் அவள் வாசலில் வைத்தாள். பசியைவிட வீம்பு பெரிதாக இருந்தது.

அதன் பிறகு சுவருக்கு இந்தப் பக்கம் பெரும்பாலும் கீரையும் உப்பும்தான். கவிப்பிரியாவின் உடம்பில் உயிரைப் பிடித்து வைத்திருந்தது சத்துணவுதான். முழுப்பரீட்சை முடிந்து லீவு விட்டதும் அதுவும் நின்றது. ஒரே வாரத்தில் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு. எந்த வாசலை இனி மிதிப்பதில்லை என்று வந்தாளோ, மடத்துக்குளத்தில் அந்த அண்ணன் வீட்டு வாசலில் மகளோடு போய் நின்றாள்.

"லீவு முடியற வரைக்குமுங்க. நானே வந்து கூட்டிட்டுப் போயிக்கறேன்."

நிர்மலா இந்த முறை எதுவும் கேட்கவில்லை. ஒதுங்கி வழி விட்டாள். கவிப்பிரியா அழவும் இல்லை. "நாளைக்கு நீ என்னம்மா திம்பே?" என்று மட்டும் கேட்டாள்.

ஆடியில் ஆர்டர் வரத் தொடங்கியது. கம்பெனி கூப்பிட்டது. ஆனால் வாடகைப் பாக்கி தலைக்கு மேல் நின்றதால் மகளை அந்த ஆண்டு அங்கேயே படிக்க விட வேண்டியதாயிற்று. செக்கிங் டேபிளில் நூர்ஜான் மறுபடி பக்கத்தில்தான் நின்றாள். இருவரும் பனியன் பீஸைப் பற்றிப் பேசினார்கள், சூப்பர்வைசரைப் பற்றிப் பேசினார்கள். சாப்பாட்டு மணி அடித்தால் ஆளுக்கொரு மூலைக்குப் போனார்கள். நூர்ஜான் ஒன்றிரண்டு தடவை டிபன் பாக்ஸோடு இவள் பக்கம் பார்த்தாள். தெய்வாத்தாள் தலை நிமிரவில்லை.

அடுத்த சித்திரையில் மகளைக் கூட்டி வந்தாள். அன்று துவரம்பருப்பு வாங்கி, கத்தரிக்காய் போட்டுக் கெட்டியாகக் குழம்பு வைத்தாள். சட்டி நிறையச் சோறு இருந்தது. வளர்ந்து ஒல்லியாகியிருந்த கவிப்பிரியா சுவரோரம் ஒடுங்கி உட்கார்ந்தாள். முதல் கரண்டி விழுந்ததுமே தட்டுக்கு மேல் கையை விரித்து மறைத்தாள்.

"போதுங்க."

"சட்டி நெறைய இருக்குது கண்ணு. வேணுங்கற மட்டும் சாப்பிடு."

"போதுங்கம்மா. வயிறு ரொம்பிருச்சுங்க."

இன்னும் ஒரு வாய்கூட அவள் எடுத்து வைத்திருக்கவில்லை.