ஆற்றைப் பார்த்துவிட்டு வந்த அப்பா

கொடகவெலயில் எங்கள் வீட்டுத் தகரக் கூரையில் மழை விழுந்ததும், சிறுவயதில் நாங்கள் இருந்த தோட்டத்து வரிசைவீடு, அந்தப் பழைய லயம், நினைவுக்கு வந்தது.

அங்கே ஒருமுறை ஆற்று வெள்ளம் அடுப்படியை அடித்துக்கொண்டு போன பிறகு, தூறல் விழுந்தாலே அம்மா துணிகளை மூட்டை கட்டிக்கொண்டு வாசலில் நின்றுவிடுவார். யார் சொல்லியும் உட்கார மாட்டார். அப்பா ஏசமாட்டார். சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, "நான் ஆத்தப் பாத்துட்டு வாறேன்" என்று இறங்கிப்போவார். தொப்பலாக நனைந்து திரும்பி, "தண்ணி கீழதான் கெடக்கு, புள்ள" என்பார். அதற்குப் பிறகுதான் மூட்டை அவிழும். எல்லா மழைக்கும் போய்வந்தார்.

ஒருநாள் அவர் சாக்கை எடுத்தபோது, அம்மா தேநீருக்கு அடுப்பில் கேத்தலை வைத்துக்கொண்டிருந்தார்.

"இந்த மழைக்கெல்லாம் ஆறு ஏறாதுங்க. நனையாம உக்காருங்க, சாயத்தண்ணி தாறேன்."

அப்பா எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

"மழை வலுக்குதும்மா" என்றாள் என் மகள் இப்போது, எங்கள் தகரக் கூரையை அண்ணாந்து பார்த்து.

"பெய்யட்டும்" என்றேன்.