பூனையின் இடது கால்

பள்ளிக்கூடத்தில் அவள் விளையாட்டு டீச்சர். அதனால் முகாமிலும் டீச்சர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. பதினேழு வயதுக்குட்பட்ட பெண்களின் தேசியக் கால்பந்து அணிக்குக் கோல்கீப்பர் பயிற்சியாளர் என்பது அவளுடைய இரண்டாவது வேலை. ஊர் உலகமெல்லாம் விடுமுறையில் காலை நீட்டிப் படுத்திருக்கும்போது அவள் பந்துப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறுவாள். முழங்கால் இரண்டும் எப்போதோ போய்விட்டன, படி இறங்கும்போது பக்கவாட்டில்தான் இறங்க முடியும். வலது கை மோதிர விரல் ஒரு பக்கமாகத் திரும்பி நிற்கும். ஆடிய காலத்தில் எவளோ ஒருத்தி ஓங்கி உதைத்த பந்தை அந்த விரலால் தட்டிவிட்டாளாம். பந்து வெளியே போனது, விரல் அப்படியே நின்றுவிட்டது. கல்யாணத்தன்று மோதிரத்தை எந்த விரலில் மாட்டுவது என்று தான் விழி பிதுங்கி நின்ற கதையை அவள் கணவர் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

கணவர் தையல்காரர். வீட்டின் முன் அறைதான் கடை. அணிக்கு வரும் சட்டைகள் எப்போதும் வேறு யாருக்கோ அளவெடுத்த மாதிரிதான் வரும். அவற்றைப் பிரித்து, வெட்டி, சேர்த்துத் தைத்துக் கொடுப்பது அவர் பாடு. சம்பளமில்லாத உத்தியோகம். முணுமுணுத்துக்கொண்டே செய்வார், ஆனால் கையுறை மாட்டும் இடத்தில் கை இறுக்காமல் இருக்க உள்பக்கம் ஒரு மெல்லிய துணி வைத்துத் தைப்பார். அதை யாரும் அவரிடம் கேட்டதில்லை.

பூனை இவர்கள் வாழ்க்கைக்குள் வந்தது இப்படித்தான். ஒரு தேர்வு முகாமில் அந்த வயதுப் பெண்களிலேயே அவள்தான் உயரமாக இருந்தாள். உயரமாக ஒரு பெண் கண்ணில் பட்டால் தேர்வாளர்களுக்கு வேறு யோசனையே ஓடாது, கொண்டுபோய் கோலில் நிறுத்திவிடுவார்கள். பத்துக்கு ஒன்பது முறை அது தண்டம். இந்த முறை மட்டும் அதிர்ஷ்டம் அடித்தது. அந்தப் பெண் சத்தமே இல்லாமல் நகர்ந்தாள், பந்து கிளம்புமுன் அதன் வழியில் போய் நின்றாள். இரண்டாம் நாளே மற்றப் பெண்கள் பூனை என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவளுடைய அப்பா லாரி மெக்கானிக். மகளைக் கொண்டுவந்து விட்டபோது கையிலிருந்த கிரீஸை நினைத்து வெட்கப்பட்டு, டீச்சருக்கு வணக்கம் சொல்லும்போது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு டீச்சருக்குப் பூனைதான் உலகம். இதை அவள் ஒளிக்கவும் இல்லை. இத்தனை வருஷம் சாந்தும் செங்கலும் சுமந்தவளுக்கு ஒரு வீடே எழும்பி நின்ற மாதிரி என்று கணவரிடம் சொன்னாள். அந்தப் பெண்ணை உலகக் கோப்பைத் தகுதிப் போட்டிக்குக் கூட்டிப்போய் நிறுத்திவிட்டால் போதும், தன் முழங்காலுக்குக் கணக்குத் தீர்ந்தது என்று நினைத்திருந்தாள்.

ஆனால் பூனை வளர்வதை நிறுத்திவிட்டாள்.

ஒவ்வொரு முகாமுக்கும் மற்றப் பெண்கள் பேன்ட் குட்டையாகி வந்தார்கள். பூனையின் பேன்ட் போன முகாமில் இருந்த இடத்திலேயே இருந்தது. டீச்சர் கம்பியில் தொங்கச் சொன்னாள், கயிறு தாண்டச் சொன்னாள், பால் குடிக்கச் சொன்னாள். யார் எதைச் சொன்னாலும் செய்ய வைத்தாள். கோல்கீப்பர் கலையில் அவளுக்குத் தெரியாதது கிடையாது. ஒரு பெண்ணை வளர வைக்க மட்டும் தெரியவில்லை. கணவர் ஊசியில் நூல் கோத்தபடி, "துணி நீளமா இருந்தா வெட்டிடலாம். குட்டையா இருந்தா நான் என்னத்தப் பண்றது?" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். அன்று டீச்சர் அவரோடு பேசவே இல்லை.

இந்த நேரம் பார்த்து ஒரு புதிய தலைமைப் பயிற்சியாளர் வந்து சேர்ந்தார். பெண்கள் அவரைச் சார் என்றார்கள். கெட்ட மனிதர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் டீச்சருக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும், திட்டித் தீர்த்திருக்கலாம். வெளிநாட்டு அணிகள் மைதான மூலையிலிருந்து அடிக்கும் கார்னர் பந்தை எல்லாம் உயரமாகத்தான் தூக்கிப் போடுகின்றன, குட்டையான கோல்கீப்பரை வைத்துக்கொண்டு தான் போக முடியாது என்றார். ஸ்டோர் ரூம் கதவு நிலையில் மார்க்கரால் ஒரு கோடு போட்டார். கோல்கீப்பர்களில் யார் தலை அந்தக் கோட்டைத் தொடவில்லையோ அவள் வீட்டுக்குப் போகலாம் என்றார். இன்னொரு கோல்கீப்பரான கொக்குக்கு அந்தக் கோடு புருவத்துக்கு வந்தது. தங்கமான பெண். ஆனால் அவள் கையில் பந்து நிற்காது. பூனை நின்றபோது கோட்டுக்கும் தலைக்கும் நடுவே ஒரு விரல் நுழைந்தது. அடுத்த வாரம் கடைசியாக அளப்பேன் என்றார் சார்.

கோல்கீப்பர்களுக்குள் ஒரு ரகசியம் உண்டு. காலையில் எழுந்ததும் மனிதன் கொஞ்சம் நீளமாக இருப்பான். நிற்க நிற்க, நடக்க நடக்க முதுகெலும்பு அமுங்கி, சாயங்காலத்துக்குள் அந்த நீளம் போய்விடும். டீச்சர் அதை நம்பி இறங்கினாள். அளக்கும் காலையில் பூனையைப் படுக்கையை விட்டே எழுந்திருக்க விடவில்லை. பல் தேய்க்கக்கூட விடவில்லை. பிறகு காயம்பட்டவர்களைத் தூக்கும் ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்து, ஒரு முனையை டீச்சரும் மறுமுனையை கொக்கும் பிடித்து மைதானத்தின் ஓரமாகவே ஸ்டோர் ரூமுக்குத் தூக்கிப்போனார்கள். போட்டியில் எதிராளியாக இருக்க வேண்டியவள் கொக்கு. அவளோ சிரிப்பை அடக்க முடியாமல் உதட்டைக் கடித்துக்கொண்டு தூக்கினாள். "ஆடாதடி, அமுங்கிடுவ" என்று பூனையை வேறு அதட்டினாள்.

கதவு நிலையோரம் ஸ்ட்ரெச்சரைச் சாய்த்துப் பூனையை அப்படியே இறக்கி நிறுத்தினார்கள். சார் கட்டையை வைத்துத் தலைமுடியை அழுத்திப் பார்த்தார். தலை கோட்டைத் தொட்டது. டீச்சருக்கு உயிர் வந்தது.

சார் ஸ்ட்ரெச்சரைப் பார்த்தார். "இது எதுக்கு?"

"வயித்து வலின்னா சார். நடக்க முடியலன்னா."

"இப்ப?"

"சரியாயிடுச்சு சார்" என்றாள் பூனை.

கொக்கு சிரித்துவிட்டாள். சாரும் லேசாகச் சிரித்தார். பெண்களை வெளியே அனுப்பிவிட்டு மார்க்கரை மூடினார். "டீச்சர், நானும் ஆடினவன்தான். நீங்க நிறுத்துனது காலையில. மேட்ச் சாயங்காலம்."

டீச்சருக்கு மூஞ்சியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஆனால் சார் அதற்கு மேல் அதைக் குத்திக்காட்டவில்லை, பூனையையும் உடனே அனுப்பவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் கல்லூரிப் பையன்களோடு ஒரு பயிற்சி ஆட்டம் வைக்கிறேன், அதில் பூனை நிற்கட்டும், நாம் இரண்டு பேருமே பார்ப்போம் என்றார். இதைவிட நியாயமாக யாரும் நடந்துகொள்ள முடியாது.

சனிக்கிழமை பையன்கள் எல்லாக் கார்னரையும் உயரமாகவே அடித்தார்கள். சார் சொல்லிக் கொடுத்ததுதான். டீச்சர் கோலுக்குப் பின்னால் வலையைப் பிடித்தபடி நின்றாள். பூனை அன்று ஆடிய ஆட்டம் அவள் ஆயுசுக்கும் மறக்காது. அந்தப் பையன்களின் தோளுக்கு நடுவே எப்படித்தான் புகுந்தாளோ, பந்தைக் குத்தினாள், பிடித்தாள், தரையோடு தரையாக விழுந்து தட்டினாள். ஒரு பையன் கோல் என்று நினைத்துக் கையைத் தூக்கிவிட்டு, பந்து அவள் மார்பில் இருப்பதைக் கண்டு கையால் தலையைச் சொறிந்துகொண்டான்.

இரண்டு பந்துகள் மட்டும் உள்ளே போயின. இரண்டும் கோலின் மேல்கம்பிக்குச் சற்றுக் கீழே, அவள் விரலுக்கு மேலே. சரியான இடத்தில் நின்றாள், சரியான நேரத்தில் எழும்பினாள், கை முழுசாக நீண்டது. விரல் நுனிக்கும் பந்துக்கும் நடுவே காற்று இருந்தது, அவ்வளவுதான்.

ஆட்டம் முடிந்ததும் சார் மைதானத்தின் ஓரத்துக்கு வந்து டீச்சர் பக்கத்தில் நின்றார். "அந்த ரெண்டுல அவ தப்பு ஏதாவது இருக்கா?"

பொய் சொல்ல டீச்சருக்கு வாய் வரவில்லை. "இல்ல சார்."

"தப்பு இருந்தா நான் வச்சுக்குவேன். நீங்க திருத்திடுவீங்க."

"கொக்கு கையில பந்து நிக்காது சார். கூட்டிட்டுப் போய் என்ன பண்ணுவீங்க?"

"நிக்க வைங்க டீச்சர். அது உங்களால முடியும்." தரையைப் பார்த்தபடி சொன்னார். "பூனைகிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா தாங்காது."

வார்த்தைக்கு வார்த்தை நியாயம். டீச்சருக்கு வயிறு எரிந்தது. யாரைப் பார்த்து எரிய வேண்டும் என்று மட்டும் தெரியவில்லை. பெற்றவர்களையா, எலும்பையா, பந்தை உயரமாக அடிக்கும் தூர தேசத்துப் பெண்களையா?

பூனை குளியலறைத் தொட்டியில் கையுறையைக் கழுவிக்கொண்டிருந்தாள். சோப்பு நுரை முழங்கை வரை இருந்தது. டீச்சர் ஈரத் தரையில் பக்கவாட்டில் நடந்து வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. இந்த முறை நீ வரல, சார் கொக்கைத்தான் எடுத்திருக்காரு.

பூனை அழவில்லை. கையுறையைப் பிழிந்து கொடியில் போட்டாள். கிளிப்பைக்கூடச் சரியாக மாட்டினாள். பிறகு திரும்பி, "சரி டீச்சர். நான் என்ன திருத்திக்கணும்?" என்றாள்.

டீச்சர் வாழ்நாள் முழுவதும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லித்தான் பிழைத்தாள். எந்தக் கோல்கீப்பரையும் ஒரு பார்வை பார்த்தால் போதும், குறைகளை அடுக்கிவிடுவாள். இந்தப் பெண்ணிடம் உண்மை ஒரே ஒரு வரிதான். உன்மேல் ஒரு குறையும் இல்லை, நீ இனி வளர மாட்டாய். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். எதிரே அந்த முகம் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்த மாணவி மாதிரி தயாராக இருந்தது. வேலை கொடுங்கள், செய்கிறேன் என்று கேட்கிற முகத்திடம் உனக்கு வேலையே இல்லை என்று எப்படிச் சொல்வது?

"இடது கால்" என்றாள் டீச்சர். "இடது கால்ல உதைச்சா பந்து தூரம் போகல."

சொன்ன மாத்திரத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அணியில் யாராலும் எந்தக் குறையும் சொல்ல முடியாத இடது கால் அது. ஆனால் பூனையின் முகம் தெளிந்துவிட்டது.

"அவ்வளவுதானா டீச்சர்?" என்றாள். "நான் வேற என்னமோன்னு பயந்துட்டேன்."

மறுநாள் பூனையின் பெட்டியைக் கொக்கு தூக்கிக்கொண்டு பஸ் வரைக்கும் போனாள். பூனை ஜன்னல் வழியே கையை ஆட்டிக்கொண்டே போனாள். டீச்சர் மட்டும் அந்தப் பஸ் திரும்பும் வரை நிற்க முடியாமல் உள்ளே வந்துவிட்டாள்.

போட்டிக்குப் போனார்கள். டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு கொக்கோடு மாரடித்தாள். கொக்கும் பாவம், விழுந்து விழுந்து பழகினாள். வெளிநாட்டுப் பெண்கள் சார் சொன்ன மாதிரியே உயரமாகத்தான் அடித்தார்கள். கொக்கு நின்ற இடத்திலிருந்தே கையை நீட்டி அவற்றைப் பிடித்தாள். அணி ஜெயித்தது. எல்லோரும் கட்டிப்பிடித்துக் குதித்தபோது டீச்சரும் குதிக்கப் பார்த்தாள், முழங்கால் விடவில்லை.

திரும்பி வந்து பள்ளிக்கூடம், பஸ், வீடு என்று நாள் ஓடியது. இரண்டு மூன்று முறை பூனைக்குப் போன் செய்ய எடுத்தாள். நம்பரை அழுத்தாமலே வைத்தாள். கணவர் தையல் எந்திரத்திலிருந்து தலை தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மிதிக்கத் தொடங்குவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் அங்கிருந்தே வந்தது. பூனையின் அப்பா.

"டீச்சர், நல்லா இருக்கீங்களா? டிவில நம்ம பொண்ணுங்க ஆட்டத்தைப் பாத்தோம். இவ கையைத் தட்டிட்டே இருந்தா." அவர் குரலில் உற்சாகம் தாங்கவில்லை. "ஒரு விஷயம் சொல்லத்தான் கூப்பிட்டேன். விடிஞ்சா எந்திரிச்சுப் பட்டறைச் சுவத்துல இடது காலாலயே அடிக்கிறா. பெருவிரல் நகம் பேந்து போச்சு, அப்பவும் விடல. வலது காலைத் தரையை விட்டே எடுக்கிறதில்ல. சுவத்துல பூச்சே உதிர்ந்துடுச்சு, போனாப் போகட்டும்னு விட்டுட்டேன். நேத்து ஒண்ணு அடிச்சா பாருங்க, ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய் விழுந்துச்சு."

போனில் அவருக்குப் பின்னால் சுவரில் பந்து மோதும் சத்தம் கேட்டது. நிற்காமல் கேட்டது.

டீச்சர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். இப்போதாவது சொல்லிவிட வேண்டும். "அண்ணே" என்றாள், "அவ கால்ல ஒரு குறையும் இல்லண்ணே."

"அதான் டீச்சர், அதையேதான் நானும் சொல்றேன்" என்றார் அவர். "எப்பக் கூட்டிட்டு வரட்டும்?"